சூசைப்பிள்ளையின் இறங்காத பிரஷர்

உயர் குருதியமுக்கத்துக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒரு சங்கடம் உண்டு. அவை வேலை செய்கின்றனவா என்பது விழுங்குகிறவருக்குத் தெரியாது. தலையிடிக்குக் குளிசை போட்டவர் சற்று நேரத்தில் தன் தீர்ப்பைச் சொல்லிவிடுவார். பிரஷருக்குக் குளிசை போடுகிறவருக்குப் போட்ட நாளும் போடாத நாளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிலருக்குப் போட்ட நாள்தான் மோசம்: தலை சுற்றும், கால் வீங்கும், வேலையில் கை ஓடாது. ஆகவே அந்த மருந்தைப் பற்றிப் பேச நம்மிடம் இருப்பது ஓர் எண் மட்டுமே. கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இறக்கி, நாம் சொல்லும் எண்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அந்த எண்ணை எப்படி எடுப்பது என்று படிப்பித்திருப்பார்கள். அதை எப்போது நம்பக் கூடாது என்பதை நான் ஒரு நோயாளரிடமும் அவருடைய மனைவியிடமும் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிந்திய யுத்த காலம். பண்டத்தரிப்புக்குக் கிட்ட இருந்த ஒரு சிறிய வைத்தியசாலையில் நான் இளநிலை வைத்தியர். மின்சாரம் இல்லை. பெற்றோல் இல்லாததால் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின, மண்ணெண்ணெயும் கிடைத்தால்தான். மருந்து கப்பலில் வந்தது. கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தாலும் கேட்டது வரும் என்றில்லை. ஒரு முறை பிரஷர் குளிசை வேண்டும் என்று எழுதியிருந்தோம். பெட்டியை உடைத்தபோது உள்ளே குடற்பூச்சிக் குளிசை இருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. எங்கோ ஒரு களஞ்சியத்தில் எது மிஞ்சியிருந்ததோ அது எங்களிடம் வந்தது.

எங்கள் மூத்த வைத்தியர் ஓய்வு பெறும் வயதைக் கடந்தவர். கொழும்பிலும் வெளிநாட்டிலும் பிள்ளைகள் இருந்தும் போகாமல் நின்றவர். அதைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசத் தொடங்கினால், சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது என்று சொல்லி எழுந்துவிடுவார். குளிசை குறையத் தொடங்கியதும் அவர் ஒரு விதி வைத்தார். குருதியமுக்கத்தின் கீழ் எண் நூற்றுக்கு மேலே உள்ளவர்களுக்கு மட்டும் குளிசை. நூற்றுக்குக் கீழே வந்தவர்கள் உப்பைக் குறைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து வர வேண்டும். ஆபத்தில் இருப்பவருக்கு முதலில். அந்த விதியில் நான் ஒரு குறையும் காணவில்லை. என்னைக் கேட்டிருந்தாலும் அதையே வைத்திருப்பேன்.

கிளினிக்குக்கு வந்தவர்களில் சூசைப்பிள்ளையும் திரேசம்மாவும் எல்லோருக்கும் தெரிந்த சோடி. குருநகர்க்காரர். கரையில் இருக்க முடியாமல் உள்ளுக்கு வந்து, தெரிந்தவர் ஒருவருடைய வளவில் கொட்டில் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. கடலுக்குப் போகத் தடை என்பதால் சூசைப்பிள்ளை வீடு வீடாகக் குண்டுவீச்சுக்குப் பதுங்கும் பங்கர் குழி வெட்டிக் கொடுத்தார். அறுபதை நெருங்கிய மனிதர், தோள் இன்னும் வள்ளம் தள்ளுகிறவரின் தோளாகவே இருந்தது. இருவருக்கும் பிரஷர். இருவரும் ஒரே சைக்கிளில் வருவார்கள்.

அவர்கள் மேசைக்கு முன்னால் இருந்தால் வரிசையே காது கொடுக்கும். கருவாட்டை விடச் சொல்லி நான் ஒரு முறை கண்டிப்பாகச் சொன்னேன். கடலை விட்டது காணாதோ, கருவாட்டையும் விட வேணுமோ என்று அவர் கேட்டார்.

“உவருக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை, டொக்டர்” என்றார் திரேசம்மா. “நான் உப்பில்லாமல் காய்ச்சி வைப்பன். உவர் பக்கத்துக் கொட்டிலுக்குப் போய் உப்புக் கடன் வாங்குவார்.”

“என்ரை பிரஷருக்கு மருந்து வேண்டாம் டொக்டர். இவவின்ரை வாய்க்கு ஏதும் குளிசை இருந்தால் தாங்கோ.”

விதி வந்த பிறகு முதல் கிளினிக்கில் திரேசம்மாவின் எண் நூற்றுக்குக் கீழே இருந்தது. குளிசையை நிறுத்தினோம். சூசைப்பிள்ளையின் எண் நூற்றுக்குச் சற்று மேலே. அவருக்குத் தொடர்ந்தோம். அடுத்த மாதம் அவருடைய எண் ஏறியிருந்தது. அவர் போட்டுவந்த புறொப்பிரனலோல் குளிசையின் அளவை இரட்டித்தேன். அதற்கடுத்த மாதம் இன்னும் ஏறியது. மறுபடியும் கூட்டினேன். பிறகு நிபெடிப்பின் என்ற இரண்டாவது மருந்தையும் சேர்த்தேன். ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஓம் என்றார். குளிசைக்கு அடங்காத பிரஷர் என்று சிலருக்கு உண்டு. இவரும் அந்த வகை என்று முடிவு செய்தேன்.

ஒரு மாரி காலத்தில் பங்கர் வெட்டும்போது நிலம் கிண்டும் இரும்பு அலவாங்கு நழுவி அவருடைய இடது பாதத்தில் விழுந்தது. மஞ்சளை அப்பிக்கொண்டு இரண்டொரு நாள் வேலை செய்திருக்கிறார். கால் வீங்கிச் சிவந்து, காய்ச்சலோடு வந்தபோது வைத்தியசாலை விடுதியில் அனுமதித்தோம். புண்ணைத் திறந்து சீழை எடுத்தோம். எங்களிடம் இருந்த அன்ரிபயோட்டிக் ஊசியைத் தொடங்கினோம். வழக்கமான மருந்துகள், காட் என்று நாங்கள் சொல்லும் கிளினிக் அட்டையில் உள்ளபடியே விடுதியிலும் கொடுக்கப்பட்டன. தாதி வேளை தவறாமல் கொடுத்தார். விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பது அவருடைய பழக்கம்.

அடுத்த நாள் காலைச் சுற்றில் நாங்கள் பார்த்தபோது நல்லாயிருந்தார். தாதியிடம் கஞ்சிக்கு உப்புக் கேட்டிருந்தார். மதியத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டார்கள். போனபோது முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்தார், பதில் வரவில்லை. பட்டையைச் சுற்றிக் காற்றை இறக்கினேன். மேல் எண் அறுபதில் ஏதோ கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. நாடி மிக மெதுவாக அடித்தது. மாதக்கணக்காக இறங்க மறுத்த பிரஷர் இது.

இங்கே மூன்று சாத்தியங்கள் இருந்தன. காலில் உள்ள நஞ்சு இரத்தத்தில் ஏறியிருக்கலாம். அப்படியானால் பட்டணத்துப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். சத்திரசிகிச்சை, அநேகமாகக் காலை எடுப்பது. மாரடைப்பாக இருக்கலாம். அப்படியானால் அசைப்பதே ஆபத்து. ஈ.சி.ஜி. எடுக்க எங்களிடம் தாள் இல்லை. மூன்றாவது, நாங்கள் கொடுத்த குளிசையே இதைச் செய்திருக்கலாம்.

மூத்த வைத்தியர் வந்தார். நான் சொன்னதைக் கேட்டார். மெதுவான நாடியைக் காட்டி, நஞ்சு ஏறியிருந்தால் நாடி வேகமாக ஓட வேண்டுமே என்றேன்.

“ஓட வேணும்தான். ஆனால் உந்தக் குளிசை நாடியை ஓட விடாது. நஞ்சு ஏறினாலும் பிடிச்சு வைச்சிருக்கும்” என்றார். “இவர் இதைக் கனகாலமாப் போடுறவர். உடம்பு பழகின மருந்து இண்டைக்கு மட்டும் ஏன் இப்பிடிச் செய்யும்?”

நியாயம் முழுக்க அவர் பக்கம் இருந்தது. சேலைன் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்கு அனுப்புவதற்கு ஆயத்தம் செய்தோம். சந்தியால் போன ஒரு வானை ஊழியர்கள் மறித்துக் கூட்டிவந்தார்கள். சாரதி முற்றத்தில் எஞ்சினை நிறுத்தாமல் நின்றார். நிறுத்தினால் மண்ணெண்ணெயில் திரும்ப எடுபடாது என்றார். உடனே வெளிக்கிட்டால் வருவேன், பொம்பர் விமானம் சுற்றத் தொடங்கினால் வரமாட்டேன் என்றும் சொன்னார். அதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

நான் கட்டிலடியில் நின்று நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபதில் நிற்கும் பிரஷரோடு அந்தக் குண்டும் குழியுமான வீதியில் அவர் பட்டணம்வரை உயிரோடு போய்ச் சேருவாரா என்பது எனக்குச் சந்தேகமாக இருந்தது. திரேசம்மா கட்டிலின் மறுபக்கம் நின்றார். வந்ததிலிருந்து அழவும் இல்லை, பகிடியும் இல்லை. என்னைப் பாராமல் மெல்லக் கேட்டார்.

“இஞ்சை அந்தக் குளிசை முழுக்கக் குடுக்கிறவையோ, டொக்டர்?”

காட்டில் உள்ளபடி கொடுக்கிறோம் என்றேன். பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. முழுக்கக் கொடுக்காமல் வேறு எப்படிக் கொடுப்பது? வீட்டில் ஒழுங்காகப் போடுகிறவரா என்று கேட்டேன். ஒரு கணமும் தாமதிக்காமல், ஒழுங்காகப் போடுகிறவர் என்றார். கிளினிக்கில் எல்லோரும் சொல்லும் பதில், அதே வேகம்.

நீங்கள் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். முற்றத்தில் வான் உறுமிக்கொண்டு நிற்கிறது. எதிரே நிற்கும் பெண் பொய் சொல்கிறார் என்று படுகிறது. குரலை உயர்த்தத் தோன்றும். உங்கள் புருஷனுடைய உயிர் போகப்போகிறது, உண்மையைச் சொல்லுங்கள் என்று உலுக்கத் தோன்றும். எனக்கும் வாய்வரை வந்தது. ஆனால் உயிர் போகும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாததல்ல. அதைவிடப் பெரிய ஏதோ ஒன்று அவருடைய வாயை அடைத்திருந்தது. அது என்ன என்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அவருக்கு என்ன நடக்கும்? எங்கள் விதிப்படி நடக்கும். போட்டால் எண் இறங்குகிறவர் என்று தெரிந்துவிடும், காட் நிற்கும். இந்த மனிதர் இன்று பிழைத்தாலும், நாளைக்குக் குளிசை இல்லாமல் போவார்.

திரேசம்மாவை ஜன்னலோரம் கூட்டிக்கொண்டு போனேன்.

“அம்மா, கேக்க முதல் ஒண்டு சொல்லுறன். நீங்கள் என்ன சொன்னாலும் உங்கடை ரெண்டு பேரின்ரை காட்டும் வெட்டுப்படாது. அவருக்கும் குளிசை வரும். உங்களுக்கும் வரும்.”

அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. விதி மூத்த வைத்தியருடையது. அவர் சில அடி தூரத்தில் நின்றார். கேட்டிருப்பார் என்று தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

திரேசம்மா இப்போது என் முகத்தைப் பார்த்தார்.

“எனக்கு நிப்பாட்டின நாளிலையிருந்து அவரின்ரை குளிசையைத்தான் ரெண்டு பேரும் போடுறம்” என்றார். “அரைவாசி எனக்கு. மிச்சத்திலையும் கொஞ்சத்தைக் கப்பல் வராத மாதத்துக்கு எடுத்து வைப்பம். கிளினிக் வரப்போகுதெண்டால் அவர் ஒண்டும் போடமாட்டார். ஒரு கிழமை, சில நேரம் கூட. போடாமல் வந்தால் ஏறி நிக்கும், நீங்கள் கூட்டித் தருவியள். நான் வேண்டாம் எண்டனான் டொக்டர். ஒரு வள்ளத்திலை ரெண்டு பேர் போனால், ஒருத்தன் மட்டும் தண்ணி குடிக்கிறதோ எண்டு கேட்டார்.”

எத்தனை குளிசை என்று கேட்டேன். வீட்டில் அவர் உண்மையில் போட்டது, காட்டில் நான் எழுதியிருந்ததில் கால்பங்குக்கும் குறைவு. நிபெடிப்பினை ஒரு நாளும் போட்டதில்லை; அது தலையை இடிக்கிறது என்று வைத்துவிட்டார்கள். மாதக்கணக்காக நான் கூட்டிக்கொண்டு வந்த மருந்து முழுவதும் முதல் தடவையாக அந்த உடம்புக்குள் போனது, எங்கள் விடுதியில், எங்கள் தாதியின் கண்முன்னால்.

மூத்த வைத்தியரிடம் வந்தேன். அவர் கேட்டிருந்தாலும், நான் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

“அப்ப நீர் என்ன சொல்லுறீர்?”

அனுப்ப வேண்டாம் என்றேன். குளிசைகளை நிறுத்துவோம், நாடியைத் தூக்க அற்றோப்பின் போடுவோம், சேலைனைக் கூட்டி, கட்டிலின் கால்மாட்டைக் கல் வைத்து உயர்த்துவோம் என்றேன்.

“நீர் சொல்லுறது பிழை எண்டால்?”

“பிழை எண்டால் காய்ச்சல் ஏறும், சிவப்பு முழங்கால் தாண்டும். பக்கத்திலை இருந்து பாக்கிறன். ஆனால் அப்ப வான் இராது.”

அவர் கட்டிலுக்குப் போனார். பாதத்தின் கட்டைத் தானே அவிழ்த்துப் பார்த்தார். முதல் நாள் நாங்கள் பேனையால் கோடு போட்டிருந்த இடத்தைச் சிவப்பு தாண்டவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே சாரதி ஹோர்ன் அடித்தார். மூத்த வைத்தியர் திரும்பவில்லை. இன்னொரு முறை ஹோர்ன் கேட்டது. நாடியை எண்ணி முடித்த பிறகுதான் தலையை நிமிர்த்தி, வானைப் போகச் சொல்லுங்கள் என்றார்.

அவரிடம் நான் பார்த்த பெரிய காரியங்களில் ஒன்று அது. தன்னுடைய முதல் கருத்துக்கு எதிரான ஒரு சொல்லைக் கேட்டதும் அவர் வாதாடவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. நோயாளரிடம் திரும்பிப் போனார். ஒரு முறை பார்த்த பாதத்தைப் புதிதாகப் பார்த்தார். நீங்களும் உங்கள் கருத்தை மாற்றும்போது, மாற்றச் சொன்னவரின் முகத்தைப் பார்த்து மாற்றாதீர்கள்.

அற்றோப்பினுக்கு நாடி அசைந்தது, பிறகு பின்வாங்கியது. மறுபடி போட்டோம். மேல் எண் எழுபதுக்கு வந்து அங்கேயே நின்றது. வான் போய்விட்ட முற்றத்தை இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்த்தேன். பின்னேரம் மழை பிடித்தபோது எண்பது கேட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் சூசைப்பிள்ளை கண்ணைத் திறந்து, கட்டிலை ஏன் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் திரேசம்மா அழுதார். அழுதுகொண்டே, எல்லாவற்றையும் டொக்டரிடம் சொல்லிவிட்டேன் என்றார்.

சூசைப்பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கோபம் இல்லை. பிடிபட்டவனின் கணக்குப் பார்வை.

“அப்ப இவவுக்குக் குளிசை இல்லையோ?”

இருக்கிறது என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்து, மூத்த வைத்தியரைத் தேடினேன். என் வாக்குறுதி இன்னும் அவருடைய கையில்தான் இருந்தது. அவர் மருந்துக் களஞ்சியத்தில், திறந்த அலுமாரிக்கு முன்னால் நின்றார். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் தனக்கே சொல்வது போலச் சொன்னார்.

“சுகப்பட்டவையைத் தண்டிச்சிருக்கிறம். அவவுக்குக் குளிசை வேலை செய்தது. வேலை செய்ததுக்காக நிப்பாட்டினம். பாத்துக்கொண்டு நிண்ட சனம் படிச்சிட்டுது.”

சனம் என்ன படித்திருந்தது என்று அடுத்த கிளினிக்கில் தெரிந்தது. வரிசை உட்கார்ந்ததும் மூத்த வைத்தியர் முன்னால் வந்து, பிரஷர் குறைந்திருக்கிறது என்பதற்காக இனி யாருடைய குளிசையும் நிற்காது என்று சொன்னார். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதை மட்டும் உண்மையாகச் சொல்லும்படி கேட்டார். முன்வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தொண்டையைச் செருமி, தான் போன வெள்ளிக்கிழமை நிறுத்தியதாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண், தான் வாத்தியாரைக் கேட்டுத்தான் நிறுத்தியதாகச் சொன்னார். வரிசையில் சிரிப்பு எழுந்தது. அதன் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் அடங்காத பிரஷர் என்று எழுதி வைத்திருந்தவர்களில் பெரும்பாலானோர் சூசைப்பிள்ளையின் வழியில் வந்தவர்கள். ஒருவர் ஊருக்குப் போகும் தங்கைக்காகச் சேர்த்திருந்தார். சிலர் கப்பல் வராத மாதத்துக்காகச் சேர்த்திருந்தார்கள்.

கூட்டிய அளவுகளைக் குறைத்தோம். மிச்சமானதை நிறுத்தப்பட்டவர்களுக்குக் கொடுத்தோம். எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது என்று சொன்னால் அது உண்மையல்ல. சில மாதங்களில் போதவில்லை. போதாத மாதத்தில் போதாது என்று வரிசைக்கு முன்னால் சொன்னோம். குறைத்துப் போடுவதானால் எப்படிக் குறைப்பது, எதைச் சட்டென்று நிறுத்தவே கூடாது என்று சொல்லிக் கொடுத்தோம். வீட்டில் ஒளித்துச் செய்ததை இங்கே எங்களோடு சேர்ந்து செய்தார்கள்.

இப்போது உங்களுக்குக் குளிசைப் பஞ்சம் இல்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உங்களிடம் மறைப்பதற்கு வேறு காரணங்கள் இருக்கும். கேள்வியைக் கேட்கும் முன், உண்மை சொன்னால் அவர் எதை இழப்பார் என்று பாருங்கள். அதை இழக்க மாட்டார் என்று முதலில் சொல்லுங்கள், சொன்னதைக் காப்பாற்றுங்கள். அதன் பிறகு கேளுங்கள்.

சூசைப்பிள்ளையின் கால் ஆற மாரி முடிந்தது. இருவரும் சைக்கிளில் வந்தார்கள். இந்த முறை திரேசம்மா உழக்க, அவர் பின்னால் இருந்தார். அதைப் பற்றி வரிசையில் யாரோ ஏதோ சொன்னார்கள், அவரும் ஏதோ திருப்பிச் சொன்னார். அன்று காலையும் இருவரும் குளிசை போட்டிருந்தார்கள். முதலில் சூசைப்பிள்ளைக்குப் பார்த்தேன். முதல் நாளில் அவருக்குக் கொடுத்திருந்த சிறிய அளவே போதுமாக இருந்தது. பிறகு திரேசம்மாவின் கையில் பட்டையைச் சுற்றினேன். காற்றை இறக்கினேன். கீழ் எண் எண்பத்தாறு.

“நல்லாக் குறைஞ்சிருக்கு, அம்மா” என்றேன்.

திரேசம்மாவின் முகம் விழுந்தது. கையை மேசையிலிருந்து எடுக்கவில்லை.

“ஒருக்கால் திரும்பப் பாருங்கோ, டொக்டர்” என்றார்.

நான் எண்ணைக் காட்டில் எழுதவில்லை. அலுமாரியைத் திறந்து, அந்த மாதத்துக்கான குளிசைப் பொட்டலத்தை எடுத்துவந்து திரேசம்மாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன் பிறகு எழுதினேன்.